அவரைக்கு ஓர் இரவு

1

இந்த ஊருக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் நிறைந்த அன்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஜெர்மனியில் நல்லது கெட்டது எல்லாமே கடிதமாகத்தான் வரும். தொலைபேசியில் சொன்னால் பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று பொருள். தாளில் அடித்து, மடித்து, தபால்தலை ஒட்டி அனுப்பினால் மெய்யாகவே சொல்கிறார்கள் என்று பொருள்.

அனுப்பியது எங்கள் தோட்டச் சங்கம். சென்னையில் இருந்து படிப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அடுக்குமாடியில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு ஊர் ஓரத்தில் துண்டு துண்டாக நிலம் பிரித்துக் குத்தகைக்குக் கொடுப்பது இங்கே பழைய வழக்கம். நான்கு ஆண்டுகள் காத்திருந்து, போன இலையுதிர் காலத்தில் எனக்கு ஒரு துண்டு கிடைத்தது. நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூட வரும். அந்த ஒரு கிரவுண்டு ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்திருந்தால் நான் இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டேன்.

முதல் ஆண்டு சோதனை ஆண்டு. நிலத்தில் மூன்றில் ஒரு பங்காவது சாப்பிடுகிற பொருள் விளைய வேண்டும் என்பது விதி. கடிதத்தை என் மகள் ஷீபாதான் படித்தாள். பதினைந்து வயது. நான் பேசும் ஜெர்மன் காய்கறிச் சந்தை வரை தாராளமாகப் போகும், அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடும். அவள் ஜெர்மனில் சொல்ல, நான் தமிழில் பதில் சொல்ல, எங்கள் வீட்டுப் பேச்சு இப்போதெல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

விஷயம் இதுதான். என் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ‘அழகுக் கொடி’ ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறதாம். கொட்டகையும் புல்தரையும் போக மிச்சம் விளைவது கணக்குக்குப் போதாதாம். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை குழு வந்து பார்வையிடும். அதற்குள் விளைச்சல் தெரியாவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடும், வரிசையில் அடுத்து நிற்பவருக்கு நிலம் போய்விடும்.

அழகுக் கொடி என்று அவர்கள் எழுதியிருந்தது என் அவரையை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“விடு மம்மி, வெறும் செடிதானே” என்றாள் ஷீபா. அதற்கு மட்டும் தமிழ் வந்துவிட்டது.

2

ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நான் தாவரவியல் ஆசிரியை. ஆசிரியையாக இருந்தேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. சாந்தோம் பங்கில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஆசிரியர், அத்தைகள் இரண்டு பேரும் ஆசிரியைகள். உங்கள் வீட்டில் ஞானஸ்நானத்துக்கு அடுத்த சடங்கு பி.எட். தானே என்று பெனடிக்ட் கிண்டல் செய்வார். பெனடிக்ட் என் கணவர், இங்கே கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவர் வேலைக்காகத்தான் வந்தோம். அதற்கு முன் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொரு ஆண்டுகள் பிளஸ் டூ வகுப்புக்குப் பாடம் எடுத்தேன்.

இங்கே ஆசிரியர் ஆக வேண்டுமானால் இரண்டு பாடம் படித்திருக்க வேண்டும். நான் படித்தது ஒன்று. கல்வி அலுவலகத்தில் இருந்த பெண்மணி, முத்திரை குத்தி மொழிபெயர்த்துக் கொண்டுபோன என் சான்றிதழ்களை ஒன்றுவிடாமல் புரட்டினார். பிறகு “இன்னொரு பாடம் எங்கே?” என்றார், நான் அதை வீட்டு அலமாரியில் மறந்து வைத்துவிட்டு வந்தது போல.

ஆகவே ஒரு பள்ளியின் உணவகத்தில் வேலை பார்க்கிறேன். மணி அடிக்கிறது, பிள்ளைகள் ஓடி வருகிறார்கள், நான் கரண்டியை எடுக்கிறேன். இதைச் சொல்லி அழுவதற்கு இந்தக் குறிப்பை எழுதவில்லை. நல்ல வேலை, நல்ல மனிதர்கள். ஆனால் செடி கொடி என்று வந்துவிட்டால் எனக்குத் தெரியாதது இல்லை என்ற திமிர் ஒன்று மட்டும் ஊரில் இருந்து வந்தபடியே என்னிடம் மிச்சம் இருந்தது. கடிதம் கை வைத்தது அதில்தான். நிலம் போனால் அதுவும் சேர்ந்து போகும் என்று எனக்குத் தெரிந்தது.

3

அந்த ஆண்டு நான் போட்டது எல்லாம் நம் ஊர் விதைகள். செடிகளும் வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் மாதிரிதான். தக்காளி எந்த ஆசிரியர் வந்தாலும் தேறிவிடும். மிளகாய் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஜூன் கடைசியில் நல்ல வெயில் கண்டதும் சமாதானமாகிவிட்டது. வெந்தயம் நான்காம் நாளே எட்டிப் பார்த்தது. முருங்கை ஒரே ஒரு குளிர்ந்த இரவில் கறுத்துப்போய்க் குச்சியானது.

இந்த ஊர் மரங்களின் சாமர்த்தியம் வேறு. பகல் குறையத் தொடங்கியதை வைத்தே குளிர் வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளும். இலையில் இருக்கும் சத்தை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, சருகை உதறிவிட்டு, ஐந்து மாதம் அசையாமல் நிற்கும். நம் ஊர்ப் புங்கமரம் பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு, கத்திரி வெயில் வருவதற்குள் பளபளவென்று புதுத் தளிரோடு தயாராகிவிடும். அதது தன் ஊர்க் கணக்கைப் படித்து வைத்திருக்கிறது. இதை ஷீபாவுக்கு நானே விளக்கினேன். விளக்கிய கையோடு திரும்பி என் அவரையைப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவரையை எப்போது நடுவது என்று சொன்னவர் திருமதி லென்ஸ். பக்கத்துத் துண்டு அவருடையது, சங்கத்தின் தலைவியும் அவர்தான். மே மாத நடுவில் நான்கைந்து புனிதர்களின் நாள் வரிசையாக வரும், கடைசிப் பனி அவர்களோடுதான் போகும், அதுவரை மெல்லிய செடி எதையும் வெளியே வைக்காதே என்றார். ஆடிப்பட்டம் தேடி விதை என்று நாம் சொல்கிறோம், இவர்கள் புனிதர்களைத் தேடி விதைக்கிறார்கள். சாந்தோமில் பிறந்தவள் புனிதர்கள் பேச்சைத் தட்ட முடியுமா. அவர்கள் போன மறுநாள் கம்பி வேலியின் இரு பக்கமும் நட்டேன்.

கொடி என்னமாய் வளர்ந்தது தெரியுமா. ஜூலையில் வேலி முழுக்கப் பச்சை. உள்ளங்கை அகல இலை. பூ என்று பார்த்தால் ஒன்று இல்லை. மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன், புளித்த மோர் ஊற்றினேன், வாழைப்பழத் தோலைப் புதைத்தேன். கடைசியில் குளிர்தான் காரணம் என்று தீர்ப்பு எழுதினேன். சென்னைக்காரர்களுக்கு எந்தச் சீக்குக்கும் முதல் சந்தேகம் குளிர் மேல்தானே. மார்கழியில் காதுக்கு மப்ளர் கட்டாமல் வாசல் தாண்டாதவர்கள் நாம். கொடியைச் சுற்றிக் கண்ணாடித் தாள் கட்டி வெப்பம் ஏற்றினேன். அது இன்னும் இரண்டு முழம் ஏறியது.

“நல்லாத்தான் படிச்சிருக்கு, வேலைக்குத்தான் போக மாட்டேங்குது” என்றார் பெனடிக்ட். சொன்ன பிறகுதான் அது யாரைச் சுடும் என்று அவருக்கு உறைத்தது. அன்று பாத்திரம் எல்லாம் அவரே கழுவினார்.

4

மாதத்தின் முதல் ஞாயிறு செல்வியோடு பேசுவது என் வழக்கம். செல்வி எங்கள் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள், என் வயது. அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்து வேலைக்கு வருவாள். செய்முறைத் தேர்வுக்குப் பூ வேண்டும் என்றால் அவள் வீட்டுக் கூரையில் படர்ந்த அவரையில் இருந்துதான் வரும். மார்கழி, தை மாதங்களில் பை நிறையக் கொண்டுவருவாள். ஆற்றங்கரையைக் காலி செய்து அவர்களை ஊருக்கு வெளியே எட்டு மாடி அடுக்கில் குடிவைத்த பிறகு, போக வர நான்கு மணி நேரம் பேருந்தில் கழிந்ததால் பள்ளி வேலையை விட்டுவிட்டாள். இப்போது அங்கேயே ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை.

கடிதம் வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் நின்றபடி வீடியோவில் அழைத்தேன்.

“இன்னா மிஸ், கொடி காடு மாதிரி கீது. பூவ காணோம்?”

“அதைத்தான் கேட்கிறேன் செல்வி. எல்லா உரமும் போட்டாச்சு.”

“அங்க மணி இன்னா இப்போ?”

“சாயந்தரம் ஆறு.”

“ஆறா? உச்சி வெயிலு மாதிரி அடிச்சிக்கினு கீது.”

“இது என்ன, ஒன்பதரை வரைக்கும் இருக்கும். மறுபடி விடியக்காலம் ஐந்துக்கெல்லாம் வெளிச்சம் வந்துடும்.”

செல்வி போனை எடுத்துக்கொண்டு தன் பால்கனிக்குப் போனாள். அங்கே இரவு. கம்பத்தில் ஒரு பெரிய விளக்கு, பால்கனியை ஒட்டி, கண் கூசும் வெள்ளை வெளிச்சம்.

“போன வருசம் ரெண்டு தொட்டில அவர வச்சேன் மிஸ். ஒண்ணு இந்தாண்ட, லைட்டுக்கு நேரா. ஒண்ணு அந்தாண்ட, படிக்கட்டு பக்கம் இருட்டுல. ஒரே வெத, ஒரே மண்ணு. தை மாசம் அந்தாண்ட கொத்து கொத்தா காய்க்குது, இந்தாண்ட வெறும் தழ. ராத்திரி ஆச்சின்னு அதுக்குத் தெரிய வாணாவா?”

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

குறும்பகல் தாவரங்கள். ஐந்து மதிப்பெண் கேள்வி. இரவு போதிய அளவு நீளமாக இருந்தால் மட்டுமே பூக்கும், நடுவில் வெளிச்சம் பட்டால் பூக்காது. பதினொரு ஆண்டுகள், ஆண்டுக்கு நான்கு பிரிவு, தொட்டியும் விளக்கும் கறுப்புப் பெட்டியும் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். படம் சரியாக வரைந்தால் இரண்டு மதிப்பெண் தனி. சென்னையில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேறுபடாது. அதனால் அந்தப் பாடம் எனக்கும் தேர்வுத்தாளைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை. அவரை மார்கழியில் பூப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அது ஏன் மார்கழியில் பூக்கிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. வெட்கமாக இருந்தது.

ஆனாலும் ஆசிரியைப் புத்தி போகுமா. “நான் பாடம் எடுக்கும்போது பின்னால் இருந்து கேட்டியா செல்வி?” என்றேன்.

“உங்க பாடம் எனக்கு இன்னா மிஸ் புரியும்? அது பாட்டுக்கு இங்கிலீஷ்ல போய்க்கினு இருக்கும். நான் பாத்து தெரிஞ்சிக்கினேன்.”

5

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். பழைய கறுப்புத் திரைச்சீலை இரண்டை ஒன்றாகத் தைத்தேன். வேலியின் இடது பாதியை மூடத்தான் அது போதுமானதாக இருந்தது. வலது பாதியை அப்படியே விட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் போர்த்த வேண்டும், காலை ஏழு மணிக்கு எடுக்க வேண்டும். சைக்கிளில் பத்து நிமிடம். காற்று உள்ளே போக அடியில் ஒரு சாண் இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் போய் எடுத்துவிட்டு, கையில் மண்ணோடு கோயிலில் போய் நின்றேன்.

அக்கம்பக்கத்துத் துண்டுகளில் பேச்சு கிளம்பியது. கறுப்புத் துணி போட்டு இருட்டில் வளர்க்கும் செடி வேறு ஒன்று உண்டாம், புகைக்கிற செடி. அந்தச் சந்தேகத்தில் இரண்டு பேர் வேலி ஓரமாக நடந்து நடந்து மோந்து பார்த்தார்கள். அவர்களை உள்ளே கூப்பிட்டு இலையைக் கசக்கிக் கையில் கொடுத்தேன்.

அடுத்து இன்னொரு கடிதம். அனுமதி பெறாமல் ‘கட்டுமானம்’ எழுப்பியிருக்கிறேன் என்று. இந்தக் கடிதத்தை ஷீபாவிடம் கொடுக்கவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்து, நானே பதில் எழுதினேன். இது கட்டுமானம் இல்லை, போர்வை, தினமும் காலையில் எடுக்கப்படுகிறது, நேரில் வந்து பார்க்கலாம் என்று. பிழைகள் இருந்திருக்கும். இருக்கட்டும், அவர்களுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

மூன்றாவது வாரம் முடிந்த ஒரு காலையில் துணியை உருவியபோது, இலைக் கக்கத்தில் இருந்து விரல் நீளத்துக்கு ஒரு காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் அரிசி அரிசியாக மொட்டு. நான் அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உணவகத்துக்கு அன்று பத்து நிமிடம் தாமதம். ஒன்பது ஆண்டுகளில் முதல் தாமதம், ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை.

6

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை காலை பத்தரைக்குக் குழு வந்தது. திருமதி லென்ஸ், இன்னும் இரண்டு பேர், கையில் அட்டையில் செருகிய படிவம். பெனடிக்டும் ஷீபாவும் என்னோடு வந்திருந்தார்கள். ஷீபா வந்ததே எனக்கு ஆச்சரியம்தான், காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

வேலியைப் பார்த்துக் குழு நின்றுவிட்டது. இடது பாதியில் ஊதாப்பூ, அதற்குக் கீழே பிறை பிறையாகக் காய். வலது பாதியில் ஒரு மொட்டுகூட இல்லை, வெறும் இலை. நடுவில் கோடு கிழித்தது போலப் பிரிந்து நின்றது.

“வலது பக்கம் நோய் வந்திருக்கிறது. வெட்டிவிட வேண்டும்” என்றார் குழுவில் ஒருவர்.

“நோய் இல்லை” என்றேன். “அதற்கு இரவு கிடைக்கவில்லை.”

பிறகு சொல்ல ஆரம்பித்தேன். பகல் நீண்டால் இந்தக் கொடி இன்னும் பருவம் வரவில்லை என்று காத்திருக்கும், இரவு நீண்டால்தான் காலம் வந்துவிட்டது என்று பூக்கும், உங்கள் ஊரில் இரவு நீள்வதற்குள் பனி வந்து கொன்றுவிடும், அதனால் நான் முன்கூட்டியே இரவைக் கொடுத்தேன் என்றேன். தரையில் குச்சியால் தொட்டியும் விளக்கும் வரைந்தேன். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினேன். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். இன்னொரு கேள்வி வந்தது, அதற்கும் சொன்னேன். நான் எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. ஷீபா காதுக் கருவியைக் கழற்றியிருந்தாள் என்பது மட்டும் தெரியும். அன்று அந்த ஒரு கிரவுண்டுக்குள் நான் வகுப்பில் நின்றேன்.

திருமதி லென்ஸ் ஒரு காயைப் பறித்து முகர்ந்து பார்த்தார். நான் காலையில் தேங்காய் போட்டுப் பொரியல் செய்து கொண்டுபோயிருந்தேன், மூன்று பேரும் நின்றபடி சாப்பிட்டார்கள். படிவத்தில் இருந்த காய்கறிப் பட்டியலில் அவரை இல்லை. கீழே காலியாக இருந்த வரியில், நான் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல எழுதினார். ஒப்பந்தம் தொடரும் என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டார். பெனடிக்ட் என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

“புதிய வளர்ப்பு முறை என்றால் எங்கே கற்றது என்று எழுத வேண்டும். எங்கே படித்தீர்கள்?” என்றார் திருமதி லென்ஸ்.

ஒன்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் யாராவது என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தவள் நான். பல்கலைக்கழகம், ஆண்டு, வகுப்பு எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“சென்னையில் செல்வி என்று ஒரு தோழி. அவள் பால்கனியில், தெருவிளக்குப் பக்கத்தில் பார்த்துக் கண்டுபிடித்தது” என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. குழு அடுத்த துண்டுக்குப் போனதும் செல்வியை அழைத்தேன். அங்கே பிற்பகல் மூன்று மணி இருக்கும்.

“நிலம் நமக்குத்தான் செல்வி.”

“அப்பாடா. மாதாவுக்கு ஒரு மெழுவத்தி ஏத்துங்க மிஸ்.”

“உன் பேரைச் சொன்னேன். கமிட்டிக் காகிதத்தில் எழுதியிருக்காங்க.”



“எம் பேரா? எதுக்கு? லைட்டு மேட்டரும் எயுதிக்கினாங்களா?”

“ஆமா.”

“இன்னா மிஸ் நீங்க. மூணு வாட்டி மனு குடுத்து, ஆபீஸ் வாசல்ல நின்னு நின்னு வாங்கின லைட்டு அது. எம் பொண்ணு வேல முடிஞ்சி அந்த வயியாத்தான் வரா. லைட்டால தொந்தரவுன்னு நானே எயுதி குடுத்தா மாதிரி ஆயிடாதா? நான் ஒரு வார்த்த சொல்லாம லைட்டு பக்கத்துக் கொடிய புடுங்கி போட்டுட்டேன். கொடி போனா போவுது. எம் பேர மொதல்ல அடிக்க சொல்லுங்க.”

ஜெர்மனியில் ஒரு தோட்டச் சங்கத்தின் படிவம் சென்னைக்குப் போகாது, யாரும் உன் விளக்கைக் கழற்ற மாட்டார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கணக்கெடுப்புக் காகிதத்தில் பெயர் ஏறிய பிறகு வீடு போன கதையை அவள் ஆற்றங்கரையில் பார்த்தவள். வாயை மூடிக்கொண்டு ஓடினேன்.

மூன்று துண்டுகள் தள்ளித் திருமதி லென்ஸைப் பிடித்தேன். அந்தப் பெயரையும் விளக்கையும் அடித்துவிடுங்கள் என்றேன். அவர் முகம் சுளித்தார். இங்கே ஒரு எழுத்தை அடிப்பதானாலும் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார்.

“ஏன் என்று நான் தெரிந்துகொள்ளலாமா?”

“அவளுக்கு அந்த வெளிச்சம் வேண்டும்” என்றேன்.

“இருட்டுதான் வேண்டும் என்று இத்தனை நேரம் சொன்னீர்களே?”

“அது அவரைக்கு” என்றேன்.